நடுவில் தெரிவதுதான் நிஜம் என்கிற மகனுக்கு

தினேஷ், நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப்போவதில்லை. கேட்டால் "சூப்பரா இருக்கேன் பா" என்பாய். அதை நம்பி நம்பித்தான் நான் இந்த நிலைமைக்கு வந்திருக்கிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் மூன்றாவது வாக்கியத்துக்கு வரும்போதெல்லாம் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால் டிரைவிங் ஸ்கூல் மேஜையில் உட்கார்ந்து, பதினோரு மணி வகுப்புக்கு வரவேண்டிய பேங்க் மேடம் வழக்கம்போல வராத இந்த நேரத்தில், பேப்பரில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புவேன். எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் எழுத்து தெரிந்தால் பெரிதாக்கிப் படி. பாதியில் எழுந்து போகாதே.

நேற்று நீ உன் அம்மாவிடம் பைக்கை ரயிலில் பார்சல் போட்டு புனேவுக்கு அனுப்பச் சொன்னாயாம். "ஆபீஸுக்கு ஆட்டோ புடிச்சு புடிச்சு பேஜாராகுது" என்றாயாம். நானும் சரியென்று ஆர்.சி. புத்தகத்தைத் தேடி உன் அலமாரியைத் திறந்தேன். புத்தகத்துக்குக் கீழே உன் லென்ஸ் டப்பா இருந்தது. திறந்து பார்த்தேன். இரண்டு லென்சும் அதில்தான் இருக்கின்றன, காய்ந்துபோய். பக்கத்தில் அதைக் கழுவுகிற மருந்து பாட்டில், கழுத்துவரை நிறைந்து. ஒரு மாதமாக நான் தினமும் கேட்கிறேன், "லென்ஸ் போட்டியா டா?" நீ தினமும் சொல்கிறாய், "போட்டுக்கிட்டுதான் பா இருக்கேன்." எதை டா போட்டுக்கொண்டிருக்கிறாய்? உன் கண்ணில் போடவேண்டியது தாம்பரத்தில் இருக்கிறது, நீ புனேயில் இருக்கிறாய். பொய் சொல்வதென்றால் டப்பாவையாவது எடுத்துக்கொண்டு போயிருக்கக்கூடாதா? பைக் வராது. அதை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். அம்மாவிடம் கெஞ்சிப் பயனில்லை, சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது.

உனக்கு மறந்திருக்காது, ஆனாலும் குன்றத்தூருக்குப் போய்வந்த அந்தச் சாயங்காலத்தை நான் எழுதத்தான் போகிறேன், ஏனென்றால் நீ அதை ஒரு சின்ன விஷயமாக மாற்றிவைத்திருக்கிறாய். உன் கல்யாண நிச்சயம் முடிந்த மறுவாரம். முருகனைப் பார்த்துவிட்டு இறங்கும்போது இருட்ட ஆரம்பித்திருந்தது. நான் ஓட்டுகிறேன் என்றேன், "நீ நாள் முழுக்க ஓட்டற பா, நான் ஓட்டறேன்" என்றாய். மகன் பாசமாகச் சொல்கிறானே என்று இடது பக்கம் உட்கார்ந்தேன். அம்மா பின்னால், மடியில் அர்ச்சனைத் தட்டு. பல்லாவரம் ரோட்டில் ஒரு வளைவு தாண்டியதும் ஓரமாக ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது, பின் விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு. எதிரே பஸ் வந்தது. சாதாரணமான இடம். என்னிடம் பத்தாவது நாள் வகுப்புக்கு வருகிறவர்கள்கூட அங்கே வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். நீ குறைக்கவில்லை. லாரி இல்லாத இடத்துக்குப் போகிற தைரியத்தோடு லாரியை நோக்கிப் போனாய்.

இருபத்தாறு வருஷமாக நான் இடது சீட்டில் உட்கார்ந்து பிழைக்கிறவன். ஸ்கூல் காரில் என் காலுக்குக் கீழே ஒரு பிரேக் உண்டு. நம் காரில் கிடையாது என்பது காலுக்குத் தெரியவில்லை. தரையை மிதித்தேன், மிதித்தேன், அப்படி மிதித்தேன். அப்புறம்தான் புத்தி வந்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். வண்டி கிறீச்சென்று ஒருபக்கமாகத் திரும்பி நின்றது. லாரிக்கும் நம் பானெட்டுக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம், அவ்வளவுதான் இடம். தேங்காய் மூடி உன் தோளில் வந்து விழுந்தது. லாரி டிரைவர் டயருக்குப் பக்கத்திலிருந்து எழுந்து வந்தார். அந்த மனுஷன் அங்கே குனிந்து உட்கார்ந்திருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"இன்னா சார், கண்ணு தெரில? இம்மாம் பெரிய வண்டி நிக்குது, லைட்டு எரியுது, நேரா வந்து சொருவுறியே! நான் கீழ குந்திக்கினு கீறேன், எனக்கும் புள்ளக் குட்டி கீது சார்!"

நான் இறங்கிக் கை கூப்பினேன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன், நடுரோட்டில், கை கூப்பினேன். அவர் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இட்டுக்கினு போ சார். புள்ளைக்கு முதல்ல கண்ணைக் காட்டு" என்று சொல்லிவிட்டுத் திரும்ப டயரிடம் போய்விட்டார். வாழ்க்கையில் உன்னைப் பற்றி ஒருவர் சொன்ன சரியான யோசனை அதுதான். ஒரு நிமிஷத்தில் அவருக்குத் தெரிந்தது. எனக்குப் பத்து வருஷமாகத் தெரியவில்லை.

வண்டியை நான் எடுத்தேன். கொஞ்ச தூரம் போய் ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தினேன். அங்கே நடந்த பேச்சு எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "லாரி தெரியலையா டா?" என்றேன். "தெரிஞ்சுது பா. எதுன்னு தெரியல" என்றாய். "எதுன்னா?" என்றேன். "லைட்டெல்லாம் எனக்கு ஒண்ணு ஒண்ணா தெரியாது பா. ஒண்ணு பக்கத்துல நாலஞ்சு நிழல் தெரியும். நடுவுல தெரியறதுதான் நிஜம்னு வெச்சுக்கிட்டு ஓட்டுவேன். இன்னிக்கு பஸ் லைட்டும் சேர்ந்துக்கிச்சு, நடுவு எதுன்னு குழம்பிட்டேன்." இதை நீ சொன்ன விதம் இருக்கிறதே, பஸ்ஸில் சில்லறை இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னாய். நான் டீக்கடை டியூப்லைட்டைக் காட்டி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னேன். இரட்டையாகத் தெரிந்தால் ஒரு கண்ணை மூடினால் ஒன்றாகிவிடும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தேன். நீ இடது கண்ணை மூடினாய். "மூணு." வலதை மூடினாய். "இதுல ரெண்டு, கீழ ஒரு வால் மாதிரி." எத்தனை நாளாக என்று கேட்டேன். "பழகிடுச்சு பா" என்றாய். கேட்டது எத்தனை நாள் என்று. சொன்னது பழகிவிட்டது என்று.

பழகிடுச்சு. இந்த ஒரு வார்த்தையைக் கேட்டாலே எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. கிளட்ச் கடிக்கிறது என்று ஒருவர் வண்டியைக் கொண்டுவந்தால், "எத்தனை நாளா சார்?" என்று மெக்கானிக் கேட்பார், வண்டிக்காரரும் இதையேதான் சொல்வார். கிளட்ச்சை மாற்றலாம். கண்ணைப் பார்த்த டாக்டரம்மா என்ன சொன்னார் என்பதை நீ கேட்காததுபோல முகத்தை வைத்துக்கொண்டிருந்தாய், அதனால் மறுபடியும் எழுதுகிறேன். கருவிழி மெலிந்து, கூம்பு மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு வருகிறது. உருண்டையாக இருக்கவேண்டியது கோணலாக இருப்பதால் ஒரே கண்ணுக்குள் ஒரே விளக்கு பல விளக்காக விழுகிறது. அதனால்தான் இன்னொரு கண்ணை மூடினாலும் ஒன்றாகவில்லை. கம்ப்யூட்டரில் உன் கருவிழியின் படத்தைக் காட்டினார், புயல் வரும்போது டி.வி.யில் காட்டுகிற படம் மாதிரி நடுவில் சிவப்பாக. "சின்ன வயசுலேர்ந்து கண்ணை ரொம்ப கசக்குவாரா?" என்று அவர் கேட்டபோது நானும் உன் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நீ கண்ணைக் கசக்காமல் இருந்த நாள் எங்களுக்கு ஞாபகமில்லை.

இங்கே என் பங்கைச் சொல்லவேண்டும். சொல்லாமல் உன்னைத் திட்டிக்கொண்டே போனால் அது நியாயமில்லை. நீ பத்தாவது படிக்கும்போது ஒருநாள், "அப்பா, போர்டுல எழுத்துக்குப் பின்னாடி இன்னொரு எழுத்து தெரியுது" என்றாய். நான் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ராப்பகலா செல்லையே நோண்டினா அப்படித்தான் தெரியும்" என்று சொல்லி உன் போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். மார்க்கெட் கண்ணாடிக் கடையில் ஒரு கண்ணாடி. அடுத்த வருஷம் பவர் மாறியது, இன்னொன்று. அதற்கடுத்த வருஷம் இன்னொன்று. கடைக்காரர் ஒருமுறை, "சார், சிலிண்டர் பவர் ஏறிக்கிட்டே போவுது, பெரிய டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்றார். அவர் என்னிடம் வேறு எதையோ விற்கப்பார்க்கிறார் என்று நினைத்தேன். கண்ணைப் பற்றி எதைச் சொன்னாலும் போன் பறிபோகும் என்று நீ அன்று கற்றுக்கொண்டாய். அதற்கப்புறம் ஒருமுறைகூட என்னிடம் எதையும் சொல்லவில்லை. இதில் உன்னைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

அதைவிட மோசமானது ஒன்று உண்டு. எல்.எல்.ஆர். படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. இருபத்தைந்து மீட்டர் தூரத்தில் நிற்கிற வண்டியின் நம்பர் பிளேட்டைப் பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு கண்ணாலும் படிக்க முடிகிறதா என்று. மற்ற ஸ்கூல்களில் அதற்கு டிக் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நான் போடமாட்டேன் என்பதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியும். வருகிற ஒவ்வொருவரையும் வாசலில் நிற்கவைத்து, எதிர்ச்சாரியில் நிற்கிற ஆட்டோவின் நம்பரை ஒரு கண்ணை மூடிக்கொண்டு படிக்கச் சொல்வேன். ரிட்டயர்டு தாசில்தார் ஒருவரையே படிக்க முடியவில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். உனக்குப் பதினெட்டு வயதானபோது அந்தப் படிவத்தை வீட்டு சோபாவில் உட்கார்ந்து நிரப்பினோம். அந்தக் கேள்விக்கு வந்ததும் உன் பேனா நின்றது. "அப்பா, இது..." என்றாய். நான் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். "எஸ் போடு, எஸ் போடு" என்றேன். போட்டாய். ஊரில் இருக்கிறவர்களையெல்லாம் வாசலில் நிறுத்தியவன் உன்னை மட்டும் நிறுத்தவில்லை. என் மகனுக்குக் கண்ணில் என்ன வந்துவிடப்போகிறது என்கிற திமிர். லாரிக்குப் பக்கத்தில் குனிந்திருந்த அந்த டிரைவருக்கு ஏதாவது ஆகியிருந்தால், ஓட்டியது நீ, ஆனால் எஸ் போடவைத்தது நான்.

சரி, நான் ஒப்புக்கொண்டாகிவிட்டது. இப்போது உன் முறை. வலது கண்ணுக்கு மருந்துச் சொட்டு விட்டு ஊதா வெளிச்சம் காட்டுகிற சிகிச்சையைச் செய்தார்கள். மூன்று நாள் ஜன்னலெல்லாம் மூடிய அறையில் கண்ணீர் கொட்டக்கொட்டப் படுத்திருந்தாய், ஒரு வார்த்தை முனகவில்லை. அதைப் பார்த்து எனக்கு உன்மேல் மரியாதையே வந்தது. அது கூம்பு மேலும் வளராமல் பிடித்து நிறுத்தத்தான், பார்வை தெளிவதற்குக் கெட்டி லென்ஸ் போடவேண்டும் என்று டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். முதலில் மணல் விழுந்தமாதிரி உறுத்தும், தினம் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டுங்கள் என்றார். லென்ஸ் போட்டு மறுபடி பரிசோதித்து நான் சொல்லும்வரை வண்டியைத் தொடாதீர்கள் என்றும் சொன்னார். ஆஸ்பத்திரியில் முதல்முறை அதைப் போட்டபோது நீ சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாய். பார்த்துக்கொண்டே இருந்தாய். "ஒரே முள்ளா தெரியுது பா" என்றாய். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். அப்பேர்ப்பட்ட பொருளை வீட்டில் நான்கு நாள் போட்டுவிட்டு, உறுத்துகிறது என்று எடுத்து ஆர்.சி. புத்தகத்துக்கு அடியில் வைத்திருக்கிறாய். மூன்று நாள் வலியைத் தாங்கினவனுக்கு உறுத்தல் தாங்கவில்லையா? உறுத்தினால் அளவு மாற்றித் தருவார்கள், அதற்குப் போய்க் கேட்கவேண்டும். கேட்பதற்கு, எனக்குச் சரியாகத் தெரியவில்லை என்று வாயைத் திறந்து சொல்லவேண்டும். அதுதானே உனக்கு வராது.

அது வராததால் என்ன ஆகியிருக்கிறது என்பதற்கு வருகிறேன். போன சனிக்கிழமை மத்தியானம் நிவேதா இங்கே வந்தாள். ஆமாம், உனக்கு நிச்சயமான அதே நிவேதாதான். காட்டாங்குளத்தூரில் காலேஜ் ஆபீசில் அரை நாள் வேலை முடித்து, ரயில் பிடித்து, தாம்பரத்தில் இறங்கி, விசாரித்துக்கொண்டு நேராக ஸ்கூலுக்கு வந்துவிட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் டிரைவிங் கற்றுக்கொள்ள வந்திருக்கிறாள் என்று நினைத்துச் சந்தோஷமாக நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"அங்கிள், சுத்தி வளைக்காம கேக்கறேன். தினேஷுக்கு என்னைப் பிடிக்கலையா? வீட்ல கட்டாயப்படுத்தி சரின்னு சொல்ல வெச்சீங்களா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னம்மா இப்படிக் கேக்கற?" என்றேன். அவள் சொன்னாள். நீ மாற்றலாகிப் புனேவுக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம், அவள் சாயங்காலம் காட்டாங்குளத்தூர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றிருக்கிறாள். பிளாட்பாரத்து விளக்கெல்லாம் போட்டாகிவிட்டது. நீ ஆபீஸ் முடிந்து செங்கல்பட்டிலிருந்து வருகிற ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாய். வண்டி அவளுக்கு நேராக நின்றது. அவள் சிரித்துக்கொண்டு கை காட்டினாள். நீ அவளை நேருக்கு நேர் பார்த்தாய், பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாய். "கூட என் ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேர் இருந்தாங்க அங்கிள். அவங்க எதுவும் சொல்லல. சொல்லியிருந்தா பரவாயில்ல." அந்த ரயிலில் அவள் ஏறவில்லை. அடுத்த ரயிலில் போயிருக்கிறாள். ராத்திரி நீ போனில் சாதாரணமாகப் பேசினாயாம். "இன்னிக்கு என்னைப் பாத்தீங்களா?" என்று அவள் கேட்டதற்கு, சிரித்துக்கொண்டே "பாத்தேனே" என்றாயாம்! என் அறிவாளி மகனே, பார்க்கவில்லை என்று சொல்லியிருந்தால்கூடப் பிழைத்திருப்பாய். அவள் விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்து, எதற்கும் இருக்கட்டும் என்று பார்த்தேன் என்றிருக்கிறாய்.

நான் என்ன செய்யமுடியும் சொல். அந்தப் பெண் கண்ணில் தண்ணீர் நிற்கிறது, தன் அப்பாவிடம் பேசி எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா என்று கேட்கிறாள். நான் சொல்லிவிட்டேன். கருவிழி, கூம்பு, லாரி, ஒளி சிகிச்சை, எல்லாவற்றையும். டாக்டரம்மா சொன்னதையும் சொன்னேன், கவனமாகப் பார்த்துக்கொண்டால் பயமில்லை என்று. நீ கோபப்படுவாய். படு. அவள் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்புறம், "அவ்ளோதானா?" என்றாள். எனக்கு உயிர் வந்தது. அடுத்த நிமிஷம் குரல் மாறிவிட்டது.

"கண்ணுல பிரச்னைன்னா நானே லீவு போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு வருவேன் அங்கிள். அது எனக்கு ஒண்ணுமே இல்ல. தெரியாததைத் தெரியுதுன்னு சொல்ற ஆளோட எப்படி குடும்பம் நடத்தறது? நாளைக்கு குழந்தையைக் கைல குடுத்துட்டு ரோட்டைத் தாண்டச் சொன்னா, வண்டி வர்றது தெரியுதான்னு கேட்டா, தெரியுதுன்னுதானே சொல்வாரு?"

இதற்குப் பதில் உன்னிடம் இருந்தால் வைத்துக்கொள். கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்: "நான் வந்தது பத்தி அவர்கிட்ட சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். ஆனா அவர் வாயால நான் கேக்கணும். அடுத்த வார ஞாயித்துக்கிழமை வரைக்கும் எங்க வீட்ல நான் ஒண்ணும் பேசமாட்டேன்." நான் ஸ்டேஷனில் விடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று நடந்துபோனாள்.

மூன்று நாளாக இதை உன்னிடம் சொல்வதா வேண்டாமா என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். சொல்லாவிட்டால் நீயாகச் சொல்லவே மாட்டாய் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் உன்னை அப்படி வளர்த்தது நான். இதுவும் ஒருவேளை தப்பாக இருக்கலாம். தெரிந்தே செய்கிறேன். லென்சை இன்று கூரியரில் போடுகிறேன். காய்ந்த லென்சை அப்படியே கண்ணில் வைக்காதே. அங்கே ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போய், உறுத்துகிறது என்று வாயைத் திறந்து சொல், அவர்கள் பார்த்துச் சொன்னபிறகு போடு. அதுவரைக்கும் ஆட்டோவில் போ. பேஜாராக இருந்தால் இருக்கட்டும். கண்ணைக் கசக்காதே. கசக்குகிறாய், எழுதும்போதே எனக்குத் தெரிகிறது.

நிவேதாவுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஒரு மணியிலிருந்து இரண்டு வரை. அப்போது கூப்பிடு, மெசேஜ் அனுப்பாதே. மெலிந்த கருவிழி, சிலிண்டர் பவர் என்று ஆஸ்பத்திரி ரிப்போர்ட் மாதிரி ஒப்பிக்காதே. என் அப்பா சொல்லிவிட்டாராமே என்றும் ஆரம்பிக்காதே. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் அந்த ரயில் ஜன்னலிலிருந்து ஆரம்பி. "அன்னிக்கு நீ கை காட்டினது எனக்குத் தெரியல" என்று சொல். சொல்லிவிட்டுச் சும்மா இரு. மீதியை அவள் கேட்டுக்கொள்வாள்.